கனடாக் குடியுரிமை எடுத்த பிறகு இலங்கைக்குப் போய்வர எந்தப் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும்?

கேள்வி: ஜூனில் கனடாக் குடியுரிமைச் சத்தியப்பிரமாணம். இலங்கைப் பாஸ்போர்ட்டில் இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. ஓகஸ்ட்டில் யாழ்ப்பாணம் போய், திரும்பும் வழியில் சென்னையில் ஒரு கிழமை நின்றுவர எண்ணம். இரண்டு பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொண்டு போகலாமா? எங்கே எதைக் காட்டுவது?

பதில்:

இந்த ஓகஸ்ட் பயணத்துக்கு உங்களிடம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் ஒன்றுதான் இருக்கும், அது கனடாப் பாஸ்போர்ட். இலங்கைப் புத்தகத்தில் நான்கு வருடம் மிச்சமிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அதில் அச்சடித்திருப்பது புத்தகத்தின் ஆயுள், குடியுரிமையின் ஆயுள் வேறு கணக்கு.

இலங்கையின் 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவுப்படி, வம்சாவளிக் குடிமகன் (பெற்றோர் வழியில் குடியுரிமை வந்தவர்) ஒருவர் தானாக விரும்பி இன்னொரு நாட்டின் குடியுரிமையை எடுத்தால் இலங்கைக் குடியுரிமை போய்விடும். யாரும் கடிதம் அனுப்பமாட்டார்கள், பாஸ்போர்ட்டைப் பறிக்கவும் வரமாட்டார்கள். சத்தியப்பிரமாணம் முடிந்ததும் சட்டம் தன் வேலையைச் செய்துவிடும். அதற்குப் பிறகு அந்தப் பழைய பாஸ்போர்ட்டை நீட்டினால், இல்லாத குடியுரிமையைக் காட்டிப் பயணித்ததாகும். "போன முறை ஒன்றும் கேட்கவில்லையே" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். கேட்காதது அவர்களின் அதிர்ஷ்டம், அதை அனுமதி என்று எடுக்க முடியாது.

இரட்டைக் குடியுரிமைக்கு அதே சட்டத்தின் 19ஆம் பிரிவில் இரண்டு வழி உண்டு. சத்தியப்பிரமாணத்துக்கு முன்பே விண்ணப்பித்து அனுமதி பெற்றால் இலங்கைக் குடியுரிமையைத் தக்கவைக்கலாம், அது 19(3). இழந்த பிறகு விண்ணப்பித்து மீளப் பெறுவது 19(2). ஜூனுக்குள் முதல் வழியில் முடிவு வரும் என்று நம்பிப் பயணச்சீட்டு எடுக்கவேண்டாம். உங்களுக்கு நடைமுறையில் இருப்பது இரண்டாவது வழி. 55 வயது கடந்திருப்பது, கல்வி அல்லது தொழில் தகைமை, இலங்கையில் 25 லட்சம் ரூபாய்க்குக் குறையாத சொத்து என்று பல தகுதிப் பிரிவுகள் உள்ளன, ஒன்றில் பொருந்தினால் போதும். சான்றிதழ் கைக்கு வந்த பிறகு புதிதாக இலங்கைப் பாஸ்போர்ட் எடுங்கள். அதுவரை கனடாப் பாஸ்போர்ட்டில் ஈ.டி.ஏ. (இலங்கையின் ஒன்லைன் பயண அனுமதி) எடுத்து, மற்ற வெளிநாட்டவர்போலப் போய்வாருங்கள். கனடாப் பாஸ்போர்ட்டிலும் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அச்சாகும் என்பதால் கட்டுநாயக்க விமான நிலையத்தில் "இரட்டைக் குடியுரிமை இருக்கிறதா?" என்று கேட்கலாம். இல்லை என்றால் இல்லை என்று சொல்லுங்கள், அதில் குற்றமில்லை.

இனிக் கனடாப் பக்கம். சத்தியப்பிரமாணத்தோடு பி.ஆர். காட் (நிரந்தர வதிவிட அட்டை) செத்துவிடும், ஒன்லைன் வைபவம் என்றால் கத்தரிக்கோலால் வெட்டிக் காட்டச் சொல்வது வழக்கம். ஆக, அன்றிலிருந்து புதுப் பாஸ்போர்ட் வரும்வரை உங்களிடம் விமானத்தில் கனடா திரும்ப ஆவணம் எதுவும் இல்லை. இந்த இடைவெளியில்தான் ஆட்கள் மாட்டுகிறார்கள். பயணச்சீட்டைச் சத்தியப்பிரமாணத்துக்கு அடுத்த கிழமைக்கு எடுத்துவிட்டுப் பிறகு ஓடுவார்கள்.

குடியுரிமைச் சான்றிதழ் கிடைத்ததும் குறைந்தது இரண்டு வேலை நாட்கள் பொறுத்து விண்ணப்பியுங்கள். அதற்கு முன் போனால் உங்கள் பெயர் பதிவேட்டில் ஏறியிருக்காது. முதல் முறை என்பதால் புதுப்பிக்கும் படிவம் சரிவராது, முழுப் படிவம் வேண்டும். உத்தரவாதம் தருபவர் 18 வயது கடந்த கனடாக் குடிமகனாக, உங்களை இரண்டு வருடமாவது தெரிந்தவராக, ஐந்து அல்லது பத்து வருடப் பாஸ்போர்ட் வைத்திருப்பவராக இருக்கவேண்டும். அவர் உறவினராக இருக்கலாம். ஆனால் நீங்கள் பெயர் கொடுக்கும் வேறு இரண்டு தொடர்பாளர்களும் உறவினராக இருக்கக்கூடாது. பலர் இந்த இரண்டையும் தலைகீழாகப் புரிந்துகொண்டு படிவத்தைத் திருப்பி வாங்குகிறார்கள். படம் 50க்கு 70 மில்லிமீற்றர், நாடியிலிருந்து உச்சந்தலைவரை 31 முதல் 36 மில்லிமீற்றர். அமெரிக்க அளவான இரண்டு அங்குலச் சதுரப் படத்தை எடுத்துக்கொண்டு போனால் அங்கேயே நிற்கும். பாஸ்போர்ட் அலுவலகத்தில் நேரில் கொடுத்தால் 10 வேலை நாள், தபாலில் 20 வேலை நாள் என்பது கணக்கு, தபால் ஓடும் நேரம் அதற்கு மேல். அடுத்த வேலை நாளுக்குள் தரும் அவசரச் சேவையும் உண்டு, அதற்குப் பயணச் சான்று கேட்பார்கள்.

"கனடாக் குடிமகன் கனடாவுக்குள் வருவது உரிமை, யார் தடுப்பது?" என்ற வாதம் சரியானதுதான், ஆனால் அது எல்லையில் நிற்கும்போது செல்லும் வாதம். உங்களைத் தடுக்கப்போவது விமான நிறுவனம். 2016 நவம்பர் 10 முதல், இரட்டைக் குடியுரிமை உள்ள கனடியர் கனடா செல்லும் விமானத்தில் ஏறச் செல்லுபடியாகும் கனடாப் பாஸ்போர்ட் வேண்டும். அமெரிக்கப் பாஸ்போர்ட் உள்ள கனடியருக்கு மட்டும் விலக்கு. குடிமகனுக்கு விசாவும் கொடுக்கமாட்டார்கள், கனடாவின் ஒன்லைன் பயண அனுமதியான இ.டி.ஏ.யும் கொடுக்கமாட்டார்கள். பத்து நாளைக்குள் பறப்பவர்களுக்கென்று ஒரு விசேட அனுமதி இருக்கிறது, ஆனால் அது விசா தேவைப்படாத நாடுகளின் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. கனடாப் பாஸ்போர்ட்டை யாழ்ப்பாணத்தில் தொலைத்தால் கொழும்பிலுள்ள கனடாத் தூதரகத்துக்குப் போவதைத் தவிர வேறு குறுக்குவழி கிடையாது. முதல் பக்கத்தின் நகலையும் குடியுரிமைச் சான்றிதழின் நகலையும் வேறு பையில் வையுங்கள்.

இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழும் இரண்டு பாஸ்போர்ட்டும் உண்மையாகவே கைக்கு வந்த பிறகு, எதை எங்கே காட்டுவது என்பது மனப்பாடம் செய்யும் விஷயமல்ல. ஒவ்வொரு கவுண்டரும் வேறு வேறு கேள்வி கேட்கிறது. அந்தக் கேள்விக்குப் பதிலான புத்தகத்தைக் கொடுங்கள்.

திரும்பி வருவதையே எடுத்துக்கொள்வோம், கட்டுநாயக்கவிலிருந்து ரொறன்ரோ. செக்-இன் கவுண்டரில் இருப்பவருக்கு நீங்கள் எந்த நாட்டவர் என்பதில் அக்கறையில்லை. ரொறன்ரோவில் இறங்கினால் உள்ளே விடுவார்களா, விடாவிட்டால் திருப்பிக் கொண்டுவரும் செலவு தங்கள் தலையில் விழுமா என்பதுதான் கவலை. அங்கே கனடாப் பாஸ்போர்ட். அடுத்தது குடியகல்வு மேசை. அங்கே கேள்வி: இந்த ஆள் நாட்டுக்குள் எப்படி வந்தார்? வரும்போது இலங்கைப் பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்திருந்தால் போகும்போதும் அதுவே. அதிகாரி பக்கங்களைப் புரட்டிவிட்டு "கனடாவுக்கு விசா எங்கே?" என்று கேட்பார். கேட்பது அவர் வேலை. கனடாப் பாஸ்போர்ட்டையும் இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழையும் எடுத்துக் கொடுங்கள், முழுசவேண்டாம், சட்டம் அனுமதித்த விஷயம். ஏறும் வாசலில் மறுபடி கனடாப் பாஸ்போர்ட், ரொறன்ரோவில் இறங்கியதும் அதுவே.

போகும்போது இது அப்படியே திரும்பும். ரொறன்ரோ கவுண்டரில் கனடாப் பாஸ்போர்ட்டை மட்டும் கொடுத்தால் ஈ.டி.ஏ. கேட்பார்கள், இலங்கைப் பாஸ்போர்ட்டைக் கொடுத்தால் அந்தக் கேள்வியே எழாது. கனடாவிலிருந்து வெளியேறும்போது குடியகல்வு மேசை கிடையாது என்றாலும் 2020 முதல் விமானப் பயணிகளின் வெளியேறும் விவரத்தை விமான நிறுவனங்கள் எல்லைச் சேவை முகமைக்கு அனுப்புகின்றன. ஒன்லைனில் விவரம் நிரப்பும்போது ஒரு பொறி இருக்கிறது: விமான நிறுவனக் கணக்கில் முன்பு சேமித்த பாஸ்போர்ட் இலக்கம் தானாக நிரம்பிவிடும், அதுவும் போகவர இரண்டு பறப்புக்கும். போகும் பறப்புக்கு ஒன்று, வரும் பறப்புக்கு மற்றது என்று தனித்தனியாகப் பாருங்கள். முடியாவிட்டால் கவுண்டரிலேயே இரண்டையும் வைத்து மாற்றச் சொல்லுங்கள். இடையில் டோகாவிலோ டுபாயிலோ இடைத்தங்கல் பகுதிக்குள்ளேயே இருந்தால் கவலையில்லை. அமெரிக்கா வழியாக என்றால் கனடாப் பாஸ்போர்ட்டைத் தயாராக வையுங்கள். அங்கே விமானம் மாறுவதற்கும் குடிவரவைத் தாண்டியாகவேண்டும்.

ஒரு நாட்டுக்குள் எதில் நுழைந்தீர்களோ அதிலேயே வெளியேறுங்கள். கனடாப் பாஸ்போர்ட்டில் 30 நாள் ஈ.டி.ஏ.யுடன் இலங்கைக்குள் போய், அங்கே இருக்கும்போது இலங்கைப் பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது, அதைக் காட்டி வெளியே வருகிறார் ஒருவர் என்று வைப்போம். கணினியில் ஒரு கனடியர் உள்ளே வந்து வெளியேறாமல் இருப்பார். இன்னொருவர் உள்ளே வராமலே வெளியேறியிருப்பார். அடுத்த முறை அந்தக் கனடாப் பாஸ்போர்ட்டை நீட்டும்போது விசா மீறித் தங்கியவர் என்று காட்டும். பாஸ்போர்ட் மாற்றுவதை வானத்தில், அதாவது இரண்டு நாடுகளுக்கு நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். தரைவழி எல்லைகளில் மாற்றவேண்டாம், இந்தப் பக்கத்து வெளியேறும் முத்திரையை அந்தப் பக்கத்து அதிகாரி தேடுவார்.

சென்னைக்குக் கனடாப் பாஸ்போர்ட்டிலேயே விசா எடுங்கள். விசா பாஸ்போர்ட் இலக்கத்தோடு கட்டுப்பட்டது. இந்திய விசாப் படிவத்தில் குடியுரிமை பிறப்பால் வந்ததா, பின்னர் பெற்றதா, முந்தைய நாடு எது என்று கேட்கும் கட்டங்கள் உண்டு. பின்னர் பெற்றது, இலங்கை என்று உள்ளதை உள்ளபடி நிரப்புங்கள். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருக்கும்போது "பிறப்பால்" என்று நிரப்பினால் அதுவே சந்தேகத்தைக் கிளப்பும்.

எங்கள் ஆட்களுக்குக் கூடுதலாக ஒரு தலையிடி, பெயர். இலங்கையில் தகப்பன் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். கனடாவில் யாரோ ஒருவர் அன்றைக்கு நிரப்பிய படிவத்தைப் பொறுத்து, கந்தையா சிவகுமார் என்பவர் ஒரு புத்தகத்தில் கந்தையா குடும்பத்தவர், மற்றதில் சிவகுமார் குடும்பத்தவர். பயணச்சீட்டுப் பெயர் செக்-இன்னில் காட்டும் பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தவேண்டும். மேலே சொன்னபடி போகும்போது ஒரு புத்தகம், வரும்போது மற்றது என்பதால், பெயர் இரண்டிலும் வேறாக இருந்தால் ஒரு பக்கத்தில் கட்டாயம் இடிக்கும். இலங்கைப் பாஸ்போர்ட்டைப் புதிதாக எடுக்கும்போதே கனடாப் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையும் வரிசையையும் கொண்டுவரப் பாருங்கள். இந்த விஷயத்தில் பிரித்தானியா இன்னும் கறார், இரண்டு பாஸ்போர்ட்டிலும் பெயர் ஒன்றாக இல்லாவிட்டால் பொதுவாகப் பாஸ்போர்ட்டே தரமாட்டார்கள்.

பிரித்தானியக் குடியுரிமை உள்ளவர்கள் இன்னொன்றும் கவனிக்கவேண்டும். 2026 பெப்ரவரி 25 முதல் அவர்களும் பிரித்தானியப் பாஸ்போர்ட் அல்லது (அங்கே வாழும் உரிமையைக் காட்டும்) உரித்துச் சான்றிதழ் இல்லாமல் அந்நாட்டுக்குப் போகும் விமானத்தில் ஏறுவது கடினம். அமெரிக்காவில் இது பழைய சட்டம், குடிமகன் அமெரிக்கப் பாஸ்போர்ட்டிலேயே வெளியேறவும் நுழையவும் வேண்டும். கிரீன் காட்டைச் சத்தியப்பிரமாண வைபவத்திலேயே வாங்கிவிடுவார்கள். இந்தியாவில் பிறந்தவர்கள் தயவுசெய்து இந்தப் பதிலின் இரண்டு பாஸ்போர்ட் பகுதியைப் பின்பற்றவேண்டாம். இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது, ஓ.சி.ஐ. எனும் வெளிநாட்டு இந்தியர் அட்டை குடியுரிமை அல்ல, இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்தே ஆகவேண்டும்.

கனடாவில் பிறந்த பிள்ளைகளுக்கு இலங்கைக் குடியுரிமை வேண்டுமென்றால் பிறப்பை இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தின் 5(2) பிரிவின்கீழ் இலங்கைத் தூதரகத்திலோ இலங்கையிலோ பதியவேண்டும், பிறந்து ஒரு வருடத்துக்குள் பதிவது சுலபம். ஒரு பெற்றோர் மட்டும் கூட்டிப்போனால் மற்றவரின் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் கையில் இருக்கட்டும்.

ஒன்றை விரும்பியே கடைசிக்கு வைத்தேன், ஏனெனில் பலர் யோசிப்பதில்லை. இலங்கைப் பாஸ்போர்ட்டில் இலங்கைக்குள் போனால் அங்கே நீங்கள் இலங்கையர் மட்டுமே. கைது, வழக்கு, தடுத்துவைப்பு என்று ஏதாவது வந்தால் கனடாத் தூதரகத்தால் செய்யக்கூடியது மிகக் குறைவு. ஒருவர் தனக்கும் சொந்தமான இன்னொரு நாட்டில் இருக்கும்போது அந்த நாட்டுக்கு எதிராக அவரைப் பாதுகாக்க முடியாது என்பது 1930 ஹேக் உடன்படிக்கையின் 4ஆம் உறுப்புரையிலேயே இருக்கிறது. காணி வழக்கு, பழைய பிடியாணை, பொலிஸ் விசாரணை என்று ஏதாவது நிலுவையில் இருப்பவர்கள் எந்தப் பாஸ்போர்ட்டில் போவது என்பதை இங்கே கேட்காமல், போவதற்கு முன் இலங்கையில் ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள்.