மாத்திரை நெஞ்சில் ஒட்டினால்...

கேள்வி: டாக்ஸிசைக்ளின் (கிருமிக்கொல்லி மருந்து) 100 மி.கி. மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு உடனே படுத்தேன். மறுநாள் முதல் எச்சில் விழுங்கினாலே நெஞ்சு எரிகிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். அடுத்த வேளைக்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்தை மாற்றக்கூடும். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டி, அங்கேயே அமிலமாகக் கரைந்து புண்ணாக்கியிருக்கலாம். இந்த மருந்தில் அடிக்கடி நடப்பதுதான். தொடரச் சொன்னால், நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்குங்கள். அரை மணி நேரமாவது படுக்காதீர்கள். குமட்டினால் சாப்பாட்டோடு எடுக்கலாம்.

இரும்புச்சத்து, கால்சியம், அமிலமுறி (வயிற்று அமிலத்தைத் தணிக்கும்) மாத்திரைகளோடு சேர்த்தால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது. 2, 3 மணி நேரம் இடைவெளி விடுங்கள். இந்த மருந்து எடுக்கும்போது வெயிலில் தோல் சட்டெனச் சிவக்கலாம், முழுக்கைச் சட்டை நல்லது. கடும் தலைவலியோடு பார்வை மங்கினாலோ, மூச்சு திணறினாலோ நேரே மருத்துவமனைதான்.