விரலே பிரஷ் ஆகும் வயது

கேள்வி: என் மகளுக்கு மூன்றரை வயது. ப்ளே ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு ஆக்‌ஷன் சாங் பழக்குகிறார்கள். பல் தேய்ப்பது போலச் செய்யச் சொன்னால், ஆட்காட்டி விரலைப் பல்லில் வைத்துத் தேய்க்கிறாள். தலை வாரவும் விரல்கள்தான். “பிரஷைப் பிடிச்ச மாதிரி செய்ய வரலை” என்கிறார் மிஸ். எட்டு வயதாகும் நாத்தனார் மகன் அழகாகச் செய்கிறான். “டாட்டா காட்டவே லேட்டாத்தான் கத்துக்கிட்டா” என்று மாமியாரும் சொல்ல, பயம் வந்துவிட்டது. ஏதாவது குறை இருக்குமா?

– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: பயப்படாதீர்கள் சகோதரி. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் இப்படித்தான் செய்வார்கள். நாத்தனார் மகன் அடுத்த முறை செய்து காட்டும்போது அவன் கையைக் கவனியுங்கள். மடக்கிய விரல்கள் வாயை ஒட்டி இருக்காது. பிரஷுக்கு இடம் விட்டுத் தள்ளி நிற்கும். கையில் இல்லாத பிரஷின் நீளத்தையும், அதன் முனை எந்தப் பல்லில் படுகிறது என்பதையும் மனசில் வைத்துக்கொண்டே கையை அசைக்கிறான். உங்கள் மகளுக்கு ஏதாவது ஒன்று நிஜமாகவே பல்லில் பட வேண்டும். அதற்கு விரலை எடுத்துக்கொள்கிறாள். ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றை வைக்க அவளுக்குத் தெரிந்திருக்கிறது, இந்த வயதுக்கு அது பெரிய விஷயம். போன் பேசுவதைக் காட்ட நாமும் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டிக் காதில் வைக்கிறோமே!

டாட்டா விஷயத்துக்கு வருகிறேன். கை தட்டுவதும் டாட்டா காட்டுவதும் பொதுவாக ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் வரும். பிள்ளைத்தமிழில் கை கொட்டும் சப்பாணிப் பருவத்தை ஒன்பதாம் மாதத்தில் வைத்தவர்கள் குழந்தைகளை நன்றாகக் கவனித்திருக்கிறார்கள். கொஞ்சம் முன்பின் ஆனால் பரவாயில்லை. அப்புறம், பார்த்ததை மனசில் வைத்திருந்து பிறகு செய்யும் திறமை வரும். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே தன் மகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அவளுக்கு ஒரு வயதும் நாலு மாதமும். வீட்டுக்கு வந்த ஒரு பையன், குழந்தைகளை விளையாட விடும் தடுப்புக்குள் விட்டதற்காகக் கத்திக் காலை உதைத்து ரகளை செய்தான். அவள் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் தன் தடுப்புக்குள் நின்று அவனைப் போலவே கத்தி, காலைத் தரையில் தட்டினாள். அந்தப் பையன் அப்போது அங்கே இல்லை!

உங்கள் மகள் இதையெல்லாம் தாண்டி வந்தவள். ஒன்றரை வயதாகியும் பிடித்ததைக் கை நீட்டிக் காட்டாமல், டாட்டா காட்டாமல், நீங்கள் பெருக்குவது, துடைப்பது எதையும் செய்து பார்க்காமல் இருக்கும் குழந்தையைத்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும். வந்த பேச்சோ சைகையோ நின்றுபோனால், எந்த வயதானாலும் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

வீட்டில் ஒன்று செய்யுங்கள். காலையில் அவள் பல் தேய்த்து முடித்ததும் பிரஷை வாங்கி வைத்துவிட்டு, “இப்போ பிரஷ் இல்லாம தேய்ப்போமா?” என்று நீங்களும் எதிரில் நின்று மெதுவாகச் செய்யுங்கள். பிரஷைப் பிடித்த உணர்வு கையில் இருக்கும்போது சுலபமாக வரும். வராவிட்டால் விட்டுவிடுங்கள். “அப்படி இல்ல, இப்படி” என்று விரலைப் பிடித்து இழுக்காதீர்கள். அவள் செய்வதை நீங்களும் திருப்பிச் செய்து காட்டுங்கள், உற்சாகமாகிவிடுவாள். இதற்காக யூடியூப் போட்டுக் காட்ட வேண்டாம். சின்னக் குழந்தைகள் திரையில் பார்ப்பதைவிட நேரில் பார்ப்பதைத்தான் நன்றாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

மிஸ்ஸிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். விழா மேடையிலும் அவள் விரலாலேயே பல் தேய்க்கட்டும் என்று நான் கேட்டுக்கொண்டதாகச் சொல்லுங்கள்.