ஆலோசனை கேட்டும் புதுமை பிறக்கவில்லையா? நிர்வாகிகளின் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: விற்பனை சரிந்தால் உடனே எங்கள் துறை நண்பர்களிடம் யோசனை கேட்கிறேன். ஆனாலும் புதிதாக எதுவும் தோன்றுவதில்லையே?

ப: நெருக்கடி வந்தால் தெரிந்த முகத்தைத் தேடித்தான் எவரும் போவார்கள். சிக்கலே அங்குதான். நிறுவனம் தடுமாறும்போது தலைமை நிர்வாகிகள் நண்பர்களிடமும் தங்களைப் போன்ற பின்னணி உள்ளவர்களிடமும் அதிகம் ஆலோசனை கேட்கிறார்கள், அதனால் உத்தியை மாற்றுவது குறைகிறது என்று மெக்டொனால்ட், வெஸ்ட்பால் என்ற நிர்வாகவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2003இல் காட்டினார்கள். நீங்கள் படிக்கும் அதே சந்தை அறிக்கையைத்தான் உங்கள் நண்பரும் படிக்கிறார். "கொஞ்சம் பொறுங்கள், சந்தை திரும்பும்" என்பார்; உங்களுக்கும் அது இதமாக இருக்கும்.

மூன்று பேரிடம் கேட்பதானால், அதில் ஒருவர் வேறு துறையில் இதே சிக்கலோடு மல்லுக்கட்டியவராக இருக்கட்டும். சரக்கு கெட்டுப்போவது உங்கள் தலைவலியா? ரத்த வங்கி நடத்துபவரிடம் பேசுங்கள். சிவப்பணு 42 நாள் வரை தாங்கும். தட்டணு (பிளேட்லெட்) 5 முதல் 7 நாள்தான். எதை முதலில் வெளியே அனுப்புவது, எவ்வளவு கையிருப்பு வைப்பது என்பது அவருக்கு அன்றாடக் கணக்கு. "என் தொழிலுக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்காதீர்கள். "நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேளுங்கள்.

கே: கூட்டத்தில் கருத்துக் கேட்டால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள்.

ப: நீங்கள் முதலில் பேசிவிடுகிறீர்கள் என்றே நினைக்கிறேன். முடிவெடுத்த பிறகு கேட்பது ஒப்புதல் வாங்குவதுதான். உளவியலாளர் கேரி கிளைன் 2007இல் எழுதிய வழியைப் பின்பற்றுங்கள்: திட்டம் தொடங்கும் முன்பே, "இது படுதோல்வி அடைந்துவிட்டது, ஏன்?" என்று கேட்டு, சில நிமிடம் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். பிறகு ஆளுக்கொரு காரணமாக வாசிக்கட்டும். இதில் என் யோசனை: இளையவர் தொடங்கட்டும், நீங்கள் கடைசி. எழுதும் முன் பேச விட்டால் முதல் குரலையே மற்றவர்கள் எதிரொலிப்பார்கள்.

கே: கேட்டால் விஷயம் தெரியாதவர் என்று நினைப்பார்களோ?

ப: கடினமான விஷயத்தில், அதை அறிந்தவரிடம் கேட்டால் மதிப்பு கூடுகிறது என்கிறது 2015இல் வந்த ஓர் ஆய்வு. எளிய விஷயத்தில் அந்த லாபம் இல்லை.

கே: கேட்ட யோசனையை ஏற்காவிட்டால்?

ப: ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் ஏன் ஏற்கவில்லை என்பதை ஒரு வாரத்துக்குள் அவரிடமே நேரில் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால், அடுத்த முறை அவர் உங்களுக்குப் பிடித்த பதிலைத்தான் தருவார்.