மழை நாட்டில் படிக்கும் மாணவர் வார இறுதிக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

கேள்வி: வணக்கம் சார். செப்டம்பரில் இருந்து இங்கிலாந்தில், மான்செஸ்டரில், ஒரு வருட முதுகலை படிக்கிறேன். கல்விக் கட்டணமும் அறை வாடகையும் அப்பா எடுத்த கல்விக் கடனில் போகிறது. வட்டி 10.5%. வாரம் 12 மணி நேரம் பகுதிநேர வேலை பார்க்கிறேன், மணிக்கு 13 பவுண்ட். மாதம் சுமார் 675 வருகிறது. சாப்பாடு, பஸ், போன் எல்லாம் சேர்த்து 330 போக 345 மிஞ்ச வேண்டும். ஆனால் கடந்த நான்கு வார இறுதிகளில் மட்டும் 290 பவுண்ட் போய்விட்டது. லண்டனுக்கு வியாழன் இரவு ரயில் டிக்கெட் போட்டு 92. ஏரி மாவட்டத்தில் (லேக் டிஸ்ட்ரிக்ட்) இருக்கும் விண்டர்மியர் போக வாங்கிய ரயில் டிக்கெட் 38, அன்று கொட்டிய மழையில் போகவே இல்லை. இன்னொரு மழை நாளில் ஷாப்பிங் சென்டருக்குப் போய் 85. சில்லறைச் செலவு 75. ஒவ்வொரு பவுண்டையும் ரூபாயாகப் பெருக்கிப் பார்த்தால் குற்ற உணர்ச்சியாக இருக்கிறது. அறையிலேயே இருந்தாலோ மனசு இருண்டு போகிறது. சுற்றுவதை நிறுத்திவிடலாமா? ஈஸ்டருக்கு நண்பர்கள் பாரிஸ் கூப்பிடுகிறார்கள். செலவுக்கு, வேறொருவர் கணக்கில் சாப்பாடு டெலிவரி செய்யலாம் என்றும் ஒரு நண்பன் சொல்கிறான். என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் டெலிவரி விஷயம். அதைத் தொடவே தொடாதீர்கள். மாணவர் விசாவில் சுயதொழில் செய்ய அனுமதி இல்லை. டெலிவரி ஆப்களில் ஓட்டுபவர்கள் சுயதொழில் செய்பவர்களாகவே கணக்கில் வருவார்கள். அடுத்தவர் கணக்கில் ஓட்டினால் அது சட்டவிரோத வேலை. பிடிபட்டால் விசாவும் படிப்பும் போகும், அப்பா எடுத்த கடன் மட்டும் நிற்கும். கையில் இருக்கும் வேலையிலேயே வாரம் 20 மணி நேரம் வரை உங்களுக்கு அனுமதி உண்டு. அந்த வாரம் திங்கள் தொடங்கி ஞாயிறு முடிய எண்ணப்படுகிறது. பல்கலைக்கழகம் அறிவித்த கிறிஸ்துமஸ் விடுமுறையில் அதைவிடக் கூடுதலாகவும் பார்க்கலாம். ஆனால் 'கோடை விடுமுறையில் முழுநேரம் உழைத்து ஈடு கட்டிக்கொள்ளலாம்' என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். முதுகலை மாணவர்களுக்குக் கோடை என்பது ஆய்வறிக்கை எழுதும் காலம். அப்போதும் பொதுவாக 20 மணி நேர வரம்புதான்.

இனி குற்ற உணர்ச்சி. சுற்றுவதை நிறுத்த வேண்டாம். டிசம்பரில் மான்செஸ்டரில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அந்த இருட்டில், தூறலில், வாரக் கணக்கில் ஒரே அறையில் அடைந்து கிடந்தால் படிப்பும் சேர்ந்து கெடும். நான் கேட்பதெல்லாம், அந்தப் பணம் வேறு எதற்குத் தேவைப்படும் என்று தெரிந்துகொண்டு செலவழியுங்கள் என்பதுதான்.

நீங்கள் அப்பாவின் கடனை நினைத்துப் பதறுகிறீர்கள். கணக்குப் பார்ப்போம். சுற்றுலாவுக்கு ஒரு வருடத்தில் 1,140 பவுண்ட் செலவழிப்பதாக வைத்துக்கொள்வோம். அதை முதல் நாளே கடனில் கட்டியிருந்தாலும் வருடத்துக்கு மிச்சமாகும் வட்டி சுமார் 120 பவுண்ட். உங்களுக்குப் பணம் மாதாமாதம்தான் கைக்கு வருகிறது என்பதால் முதல் வருடத்தில் அதுவும் பாதி அளவுக்குத்தான் வரும். இது சின்னத் தொகை என்று சொல்லவில்லை. ஆனால் தூக்கம் கெடுக்கும் தொகை அல்ல.

உங்கள் வார இறுதிப் பணத்துக்கு உண்மையான போட்டி வேறு இடத்தில் இருக்கிறது. படிப்பு முடிந்ததும் வேலை தேட கிராஜுவேட் விசாவுக்கு விண்ணப்பிப்பீர்கள் அல்லவா? அதற்கான சுகாதாரக் கட்டணம் (அரசு மருத்துவச் சேவைக்காக விசாவோடு சேர்த்துக் கட்டுவது) மட்டும் ஆண்டுக்கு 1,035 பவுண்ட். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் முதுகலைப் பட்டதாரிகளுக்கு அந்த விசா 18 மாதம். அதற்கே சுமார் 1,550 ஆகிறது. அதற்கு முன் விண்ணப்பித்தால் 2 வருடம், 2,070. இதற்கு மேல் விசாக் கட்டணம் தனி. 2025 ஏப்ரலில் அது 880 பவுண்டாக இருந்தது. 18 மாதக் கணக்கிலேயே மொத்தம் 2,400 பவுண்டைத் தாண்டும். தவணை கிடையாது, விண்ணப்பிக்கும்போதே மொத்தமாகக் கட்டியாக வேண்டும். அந்த நேரத்தில் கையில் பணம் இல்லாமல் மறுபடி வீட்டுக்குப் போன் போடும் மாணவர்கள் ஏராளம். இப்போதே அதற்கு ஒதுக்கிவிட்டால், மிச்சத்தை மனதார அனுபவிக்கலாம்.

நவம்பரிலிருந்து ஆகஸ்ட் வரை 10 மாதம். மாதம் 345 வீதம் 3,450 பவுண்ட். நவம்பர் முதல் பிப்ரவரி வரை சுற்றுவதற்கு மாதம் 60 மட்டும் வையுங்கள். மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை மாதம் 150. மொத்தம் 1,140 ஆகிறது. மீதி 2,310 விசாவுக்கு. விடுமுறையில் சில நாள் கூடுதலாக வேலை பார்த்தால் 2,400-ஐத் தொட்டுவிடலாம். சம்பளம் வந்த அன்றே விசாப் பணத்தைத் தனிச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சுவதைப் போடலாம் என்று வைத்தால் எதுவும் மிஞ்சாது.

ஏன் குளிர்காலத்தில் குறைவு, கோடையில் அதிகம்? டிசம்பரில் 50 பவுண்ட் கொடுத்து ஏரி மாவட்டம் போனால், வெளிச்சத்தில் நான்கைந்து மணி நேரம் கிடைத்தால் பெரிது. ஜூனில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம். அதே டிக்கெட், இரண்டு மடங்கு நாள். தவிர, இங்கிலாந்திலேயே மக்கள் வசிக்கும் இடங்களில் அதிக மழை பெறுவது அந்த ஏரி மாவட்டத்தில் உள்ள சீத்வெயிட் என்ற சிற்றூர். அங்கே போவதை வசந்தத்துக்குத் தள்ளிவையுங்கள்.

இப்போது மழை. உங்கள் 290-இல் 123 பவுண்ட் மழையால் போனது. போகாத டிக்கெட் 38, ஒதுங்கப் போன இடத்தில் 85. இதைத் தடுக்க நான் சொல்லும் வழி இதுதான்: தூரப் பயணத்துக்கு மழை பாதிக்காத ஊரைத் தேர்ந்தெடுத்து வாரங்களுக்கு முன்பே டிக்கெட் வாங்குங்கள். திறந்தவெளிப் பயணம் என்றால் பக்கத்து இடமாகப் பார்த்து, அன்று காலை வானிலையைப் பார்த்த பிறகு வாங்குங்கள்.

தூரப் பயணத்துக்கான அட்வான்ஸ் டிக்கெட், அதாவது குறிப்பிட்ட ஒரு ரயிலுக்கு மட்டும் செல்லும் டிக்கெட், முன்கூட்டி வாங்கினால்தான் மலிவு. அதை ரத்து செய்தால் பணம் திரும்பாது. எனவே போகும் ஊரில் கூரைக்கடியில் ஒரு முழு நாள் கழிக்க இடம் வேண்டும். யார்க்கில் தேசிய ரயில்வே அருங்காட்சியகம், லீட்ஸில் ராயல் ஆர்மரீஸ் என்ற ஆயுத அருங்காட்சியகம், லிவர்பூலில் வாக்கர் ஓவியக்கூடமும் வேர்ல்ட் மியூசியமும். எல்லாவற்றிலும் நுழைவு இலவசம். மான்செஸ்டரிலேயே ஜான் ரைலண்ட்ஸ் நூலகம், அறிவியல் தொழில் அருங்காட்சியகம், விட்வொர்த் ஓவியக்கூடம் இருக்கின்றன. ஷாப்பிங் சென்டருக்குப் போன அந்த நாளை இவற்றில் ஒன்றில் கழித்திருந்தால் ஒரு காபிச் செலவோடு முடிந்திருக்கும்.

பக்கத்துப் பயணத்துக்கு உதாரணம் ஈடேல் என்ற சிற்றூர். பிக்கடில்லி நிலையத்திலிருந்து ஹோப் வேலி பாதையில் முக்கால் மணி நேரம், அங்கிருந்து நடந்தே மேம் டோர் குன்றில் ஏறலாம். இத்தகைய குறுந்தூரத்துக்கு ஆஃப்-பீக் டே ரிட்டர்னை (நெரிசல் இல்லாத நேரத்தில் அன்றே போய்த் திரும்பும் டிக்கெட்) அன்று காலையில் வாங்கினாலும் பொதுவாக அதே விலைதான். முன்கூட்டி வாங்க எந்த அவசியமும் இல்லை. நகருக்குள் என்றால் பீ நெட்வொர்க் என்ற மான்செஸ்டர் பொதுப் போக்குவரத்து பஸ்ஸில் ஒரு பயணம் 2025-இல் 2 பவுண்டாக இருந்தது.

விண்டர்மியர் டிக்கெட்டையும் முழுதாக விட்டிருக்க வேண்டாம். ரயில் புறப்படும் முன் தேதியை மாற்றியிருக்கலாம். ஒரு டிக்கெட்டுக்கு அதிகபட்சம் 10 பவுண்ட் மாற்றுக் கட்டணமும், புதிய டிக்கெட் விலை கூடுதலாக இருந்தால் அந்த வித்தியாசமும்தான் ஆகியிருக்கும்.

ரயில்கார்டு பற்றி நீங்கள் எழுதவே இல்லை, அதனால் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். 16-25 ரயில்கார்டு வருடத்துக்கு 35 பவுண்ட், டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். 26 வயதைத் தாண்டியிருந்தாலும் முழுநேர மாணவருக்குக் கிடைக்கும். நீங்கள் ஒரே மாதத்தில் ரயிலுக்கு 130 பவுண்ட் கொடுத்திருக்கிறீர்கள். கார்டு இருந்திருந்தால் 43 பவுண்ட் குறைந்திருக்கும், அதன் விலை அங்கேயே வந்துவிட்டது. இன்றைக்கே வாங்குங்கள். நண்பர்களிடம் கார்டு இல்லையென்றால், மூன்று முதல் ஒன்பது பேர் சேர்ந்து ஆஃப்-பீக்கில் போகும்போது பெரும்பாலான ரயில் நிறுவனங்களில் குரூப்சேவ் என்ற தள்ளுபடி உண்டு. அதுவும் மூன்றில் ஒரு பங்குதான், கார்டோடு சேர்த்து வாங்க முடியாது. ரயில் தாமதமானால் 'டிலே ரீபே' கேளுங்கள். நிறுவனத்தைப் பொறுத்து 15 அல்லது 30 நிமிடத் தாமதத்துக்கே இழப்பீடு உண்டு, 28 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மாணவர்கள் பலர் இதைக் கேட்காமலே விடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஒரே ஒரு பொருளில் மட்டும் தாராளமாக இருங்கள்: மழைச் சட்டை. குடை அந்தக் காற்றுக்குத் தாங்காது. 'ஷவர்ப்ரூஃப்' என்று எழுதியிருப்பது சிறு தூறலுக்கு மட்டும்தான், 'வாட்டர்ப்ரூஃப்' என்று இருப்பதை வாங்குங்கள். நனைய மாட்டோம் என்று தெரிந்தால் மழைக்காகத் திட்டத்தைக் கைவிடுவதே குறைந்துவிடும். அந்தப் பணத்தை நவம்பர் மாதத்து 60-இலிருந்தே எடுங்கள்.

கடைசியாகப் பாரிஸ். விமான டிக்கெட் 40 பவுண்டுக்குக் கிடைக்கலாம். ஆனால் பிரிட்டன் மாணவர் விசாவை வைத்து பிரான்ஸ் போக முடியாது. உங்களுக்குத் தனியாக ஷெங்கன் விசா (பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) வேண்டும். 2024 ஜூனிலிருந்து அதன் கட்டணம் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணமும் பயணக் காப்பீடும் அதற்கு மேல். பாரிஸில் கால் வைக்கும் முன்பே 120 பவுண்டைத் தாண்டிவிடும், விசா மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்பாது. இரண்டு நாள் பயணத்துக்கு இது கட்டுப்படியாகாது. ஈஸ்டருக்கு அதே நண்பர்களோடு எடின்பரோ போங்கள். மான்செஸ்டரிலிருந்து நேரடி ரயில் இருக்கிறது, ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகமும் தேசிய ஓவியக்கூடமும் இலவசம், டிக்கெட்டை ஜனவரி கடைசியிலிருந்தே பார்க்க ஆரம்பிக்கலாம். பாரிஸ் போயே ஆக வேண்டுமென்றால் ஆய்வறிக்கை கொடுத்த பிறகு, ஒரே விசாவில் ஒரு வாரம் இரண்டு மூன்று ஊர்களுக்குப் போகும்படி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கான பணம் விசாவுக்கு ஒதுக்கிய 2,310-இலிருந்து வரக்கூடாது.