கம்ப்யூட்டரோடு செஸ்: எது நியாயம், எது அழுகுணி? (கேள்வி பதில்)

சார், 1997-ல் உலக சாம்பியன் காஸ்பரோவை ஐபிஎம் ஏமாற்றித்தான் ஜெயித்ததா?

ஏமாற்றினார்கள் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் நடந்துகொண்ட விதம் சரியில்லை. நியூயார்க்கில் ஆறு ஆட்டம், 3½–2½ என்று ஐபிஎம்மின் செஸ் கம்ப்யூட்டர் டீப் புளூ வென்றது. தகராறு முளைத்தது இரண்டாவது ஆட்டத்தில். ராணியை உள்ளே இறக்கி சிப்பாய்களைத் தின்ன வழி இருந்தும், அது அவசரப்படாமல் மந்திரியை நகர்த்தி எதிராளியின் கழுத்தை இறுக்கியது. அந்தக் காலத்து இயந்திரம் இலவசமாகக் கிடைப்பதை விடாது. அதனால் உள்ளே ஒரு மனுஷன் இருக்கிறான் என்று காஸ்பரோவுக்குச் சந்தேகம். கால்பந்தில் மரடோனா கையால் தட்டிப் போட்ட 'கடவுளின் கை' கோலைக்கூட இழுத்தார். இதில் வேடிக்கை, தோல்வியை ஒப்புக்கொண்டு அவர் எழுந்த நிலையில் தொடர் செக் கொடுத்து டிரா செய்ய வழி இருந்தது. அது மறுநாள்தான் அவருக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் அவர் பழைய காஸ்பரோவாக ஆடவில்லை.

இயந்திரம் என்ன யோசித்தது என்ற பதிவுகளை அவர் கேட்டபோதே கொடுத்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஐபிஎம் பிற்பாடுதான் வெளியிட்டது. மறு ஆட்டத்துக்கும் வரவில்லை. முந்தின வருஷம் பிலடெல்பியாவில் 4–2 என்று தோற்றபோது மறு வாய்ப்பு வாங்கிக்கொண்டவர்கள், ஜெயித்ததும் கடையைச் சாத்தினார்கள். எனக்கு உறுத்துவது இதுதான்.

ஆட்டங்களுக்கு நடுவே புரோகிராமை மாற்றினார்களாமே?

ஆமாம், விதி அனுமதித்தது. மனிதனும் ராத்திரி உட்கார்ந்து தயாராகிறானே. ஆனால் காஸ்பரோவின் ஆட்டங்கள் ஊருக்கே தெரியும். டீப் புளூவின் பழைய ஆட்டங்களோ அவர் கேட்டும் கிடைக்கவில்லை. சமமில்லாத இடம் அதுதான்.

அண்ணா, உலக சாம்பியன் க்ராம்னிக்குக்கு புரோகிராமை முன்கூட்டியே கொடுத்தார்களே, அது மட்டும் நியாயமா?

டீப் ஃபிரிட்ஸ் என்ற புரோகிராமோடு அவர் ஆடிய 2002 பஹ்ரைன் போட்டியைச் சொல்கிறீர்கள். 1997 தகராறைப் பார்த்து சூடுபட்ட பிறகு போட்ட விதி அது. கொஞ்சம் தாராளம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் 3–1 என்று முன்னிலையில் இருந்தவர் அடுத்த இரண்டையும் தோற்று, கடைசியில் 4–4. சலுகை என்று யாரும் சொல்லிக்காட்ட முடியாத முடிவு.

கம்ப்யூட்டர் ஓப்பனிங்கை, அதாவது ஆட்டத்தின் ஆரம்ப நகர்த்தல்களை, சேமித்து வைத்து ஆடுவது புத்தகம் பார்த்துப் பரீட்சை எழுதுவது மாதிரி இல்லையா?

கிட்டத்தட்ட. அதனால்தான் 2006-ல் ஜெர்மனியின் பான் நகரப் போட்டியில், டீப் ஃபிரிட்ஸ் மனப்பாடத்தில் ஆடும்வரை அதன் திரையை க்ராம்னிக்கும் பார்க்கலாம் என்று வைத்தார்கள். நல்ல விதி.

அதே போட்டியில் ஒரே நகர்த்தலில் மேட் ஆனாரே. போனால் போகிறது என்று திருப்பி எடுக்க விட்டிருக்கலாமே?

கூடாது. தொட்ட காயை ஆடியே ஆக வேண்டும். உலக சாம்பியனுக்கும் அதே சட்டம். அந்தக் காட்சியைக் கவனியுங்கள். ராணியை வைத்துவிட்டு க்ராம்னிக் சாவகாசமாக எழுந்து கப்பைக் கையில் எடுக்கிறார். ஃபிரிட்ஸுக்காகக் காய் நகர்த்துபவர் பலகையையும் திரையையும் மாறி மாறிப் பார்க்கிறார், தான்தான் தப்பாகப் பதிந்துவிட்டோமோ என்று. அப்புறம் வெள்ளை ராணி எச்7-ல் இறங்குகிறது. க்ராம்னிக் நெற்றியைப் பிடித்துக்கொண்டார், உட்கார்ந்து தாளில் கையெழுத்துப் போட்டார், பத்திரிகையாளர் சந்திப்புக்கும் போனார். விளையாட்டுப் பண்பு என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

டிராவுக்கு ஒத்துக்கொள்வது கம்ப்யூட்டரா, ஆட்களா?

ஆட்கள். 2003-ல் டீப் ஜூனியர் என்ற புரோகிராமோடு கடைசி ஆட்டத்தில், நல்ல நிலையில் இருந்தும் காஸ்பரோவ் டிரா கேட்டார். ஜூனியர் தரப்பு மறுத்தது, சில நகர்த்தல் கழித்துத் தானே டிரா கேட்டது. முடிவு 3–3. பயம், பேராசை எல்லாம் நாற்காலிக்குப் பின்னால் இருப்பவர்களுக்குத்தான்.

இப்போது ஏன் இப்படிப் போட்டிகளே இல்லை?

2005-ல் லண்டனில் ஹைட்ரா என்ற கம்ப்யூட்டரிடம் கிராண்ட்மாஸ்டர் மைக்கேல் ஆடம்ஸ் 5½–½ என்று தோற்றபோதே கிட்டத்தட்ட முடிந்த கதை. இப்போது கம்ப்யூட்டர் காயை விட்டுக்கொடுத்து ஆடுகிறது. 2016-ல் கொமோடோ என்ற புரோகிராம் சிப்பாய் போன்ற சலுகைகள் கொடுத்தும் கிராண்ட்மாஸ்டர் நகமுராவை 2½–1½ என்று வென்றது. சின்னப் பையனோடு தாத்தா யானையை எடுத்து வைத்துவிட்டு ஆடுவாரே, அந்த ஏற்பாடு. இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. எவ்வளவு சலுகை என்று முன்கூட்டியே பேசி வைத்துவிட்டால் அப்புறம் சண்டைக்கு இடமேது?