மன்னிப்புக் கேட்ட பிறகு (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

களக்காடு பக்கம் எங்கள் வாழை விவசாயிகள் குழுவுக்கு நான் தலைவர். ஓணத்தை நம்பி எல்லாருடைய ஏத்தன் (நேந்திரன்) தார்களையும் ஒரே வியாபாரிக்குப் பேசி முடித்தேன். பாதி வெட்டியதும் அவர் வரவில்லை, மிச்சம் மரத்திலேயே பழுத்துப் போச்சு. யாருக்கு எத்தனை தார் போச்சு என்ற கணக்கும், வியாபாரி தரவேண்டிய பாக்கியும் அப்படியே நிற்கிறது. கூட்டத்தில் மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. விலகிவிடலாமா?

ச.

அன்புள்ள தம்பி,

மன்னிப்புக் கேட்டது நல்லது, பலர் அதைக்கூடச் செய்வதில்லை. ஆனால் அடுத்த வெட்டுக்கு என்ன மாறப்போகிறது என்று சொன்னீர்களா? தாரை இழந்தவருக்கு அதுதான் தெரிய வேண்டும்.

உங்களுக்குத் தெற்கே மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிறது. 2010 ஏப்ரல் 15 அன்று, நம் நாட்டிலேயே செய்த கிரையோஜெனிக் எஞ்சினோடு (மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் ஓடுவது) முதன்முதலாகப் போன ஜிஎஸ்எல்வி ராக்கெட் தோற்றது. எரிபொருள் பம்பு ஒன்று நின்றுபோனதைக் கண்டுபிடித்தார்கள். அதைச் சரிசெய்ததோடு விடாமல், மேலே இருக்கும் காற்றில்லாத நிலையை மகேந்திரகிரியிலேயே உண்டாக்கி எஞ்சினைப் பற்றவைத்துப் பார்த்தார்கள். இவ்வளவுக்கும் அப்புறம் 2013 ஆகஸ்ட் 19 அன்று, அதே வகை எஞ்சினோடு அடுத்த ராக்கெட் கிளம்ப ஒன்றேகால் மணி நேரம்கூட இல்லாதபோது, இரண்டாம் அடுக்கில் எரிபொருள் கசிந்தது. நாடே பார்த்துக்கொண்டிருக்க, நிறுத்தினார்கள். அந்த டேங்க் செய்த அலுமினியக் கலவையே நாள்பட விரிசல் விடக்கூடியது என்று தெரிந்ததும் வேறு கலவையில் புது டேங்க் செய்தார்கள். 2014 ஜனவரி 5 அன்று அதே ராக்கெட் ஜெயித்தது.

உங்கள் விஷயத்தில் வியாபாரி வராமல் போனது கசிவு மட்டும்தான். எல்லாருடைய தாரையும் ஒரே ஆளிடம் கொடுக்கும் முடிவைத் தலைவர் ஒருவரே எடுக்க முடிந்ததே, டேங்க் அது. அதை மாற்றுங்கள். இனி பேரம் பேச மூன்று பேர், வாங்க இரண்டு வியாபாரியாவது, முன்பணம் இவ்வளவு வந்தால்தான் வெட்டு என்று கூட்டத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

இன்னொன்று. அன்றைக்கு "வேண்டாம் தலைவரே, பாத்துச் செய்யுங்க" என்று யாராவது சொல்லியிருப்பார்களே? நிச்சயம் ஒருவராவது சொல்லியிருப்பார், அல்லது சொல்ல நினைத்து, தலைவர் முடிவுபண்ணிட்டாரே என்று வாயை மூடியிருப்பார். அவர் வீட்டுக்கு நீங்களே போங்கள். ஏன் தயங்கினார் என்று கேளுங்கள், நடுவில் உங்கள் நியாயத்தைச் சொல்லாதீர்கள். பேரம் பேசும் மூன்று பேரில் முதல் பெயர் அவருடையதாக இருக்கட்டும்.

இப்போதைக்கு விலக வேண்டாம். யாருக்கு எத்தனை தார் போச்சு என்ற கணக்கு இன்னும் முடியவில்லை, நீங்கள் விலகினால் அது வேறொருவர் தலையில் விழும். கணக்கை முடித்து எல்லார் முன்னாலும் வாசியுங்கள், அப்புறம் நீங்கள் இருப்பதா போவதா என்று அவர்களே சொல்லட்டும். வியாபாரியிடம் பாக்கி கேட்கப் போகும்போது மட்டும் தனியாகப் போகாதீர்கள், தார் இழந்த இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.