அம்மா ரூம்ல ரஷ்யா, ஹால்ல அம்மா

கேள்வி: வயசு 48, மும்பைல வீடு செம்பூர், வேலை ஃபோர்ட்ல. ரஷ்ய எழுத்தாளர்களை இங்கிலீஷ் ஏ-ல இருந்து இசட் வரைக்கும் வரிசையா படிச்சுடணும்னு ஆரம்பிச்சு அக்மதோவா, புல்ககோவ், செகாவ், தஸ்தயேவ்ஸ்கி, கோகோல், கார்க்கின்னு போயி இப்போ எஸ்-ல ஷோலகவ் முடிச்சிட்டேன். கார்க்கியோட 'தாய்' படிச்சப்போ அழுதுட்டேன். ராத்திரி தொந்தரவு இல்லாம படிக்கறதுக்காக சின்ன பெட்ரூமை படிக்கற ரூமா மாத்திட்டேன், அம்மா (74) ஹால்ல திவானுக்கு மாறிட்டாங்க, அவங்களுக்கு ஒண்ணும் பிரச்சனை இல்ல. மனைவிதான் தீபாவளியில இருந்து சரியா பேசறதில்ல, "ரஷ்யாவுல இருக்கறவங்க எல்லாரையும் உங்களுக்கு நல்லா தெரியுது"ன்னு குத்தறா. என் ஆர்வத்தை அவளுக்கு எப்படிப் புரிய வைக்கறது? அடுத்து டால்ஸ்டாயா, துர்கனேவா?

பதில்: சார், புருஷனோட பொழுதுபோக்கு பொண்டாட்டிக்குப் புரியலன்னு எனக்கு வர்ற லெட்டர் மூட்டை மூட்டையா கிடக்கு, கேமரா, சைக்கிள், மீன் தொட்டி, இப்போ உங்க ரஷ்யா. ரெண்டு பேரும் மனசு விட்டுப் பேசுங்கன்னு எழுதுவேன்னு நினைச்சிருப்பீங்க. இல்ல. போற போக்குல ஒரு வரி எழுதிட்டு நீங்க தாண்டிப் போயிட்டீங்க, என்னால தாண்ட முடியல. 74 வயசு அம்மா ஹால்ல படுக்கறாங்க, உங்க புக்ஸ் ரூம்ல படுக்குது.

அவங்களுக்குப் பிரச்சனை இல்லன்னு யார் சொன்னது? அவங்களே சொன்னாங்கன்னு சொல்லாதீங்க, எந்த அம்மா பையன்கிட்ட வந்து எனக்கு ரூம் வேணும்டான்னு கேட்டிருக்காங்க? மும்பை ஹால் எனக்கும் தெரியும் சார். டிவி ஆஃப் ஆகற வரைக்கும் அவங்க படுக்க முடியாது, விடியக்காலைல பால்காரன் பெல் அடிச்சா முதல்ல எழுந்திரிக்கறது அவங்கதான், வேலைக்கார பாயி பெருக்க வர்றதுக்குள்ள போர்வையை மடிச்சு திவானுக்குள்ள தள்ளிடணும், மத்தியானம் கொஞ்சம் காலை நீட்டலாம்னு பார்த்தா ஹவுசிங் சொசைட்டி ஆளு பில்லோட வாசல்ல நிப்பான், புடவை மாத்தணும்னா ஈர பாத்ரூமுக்குத்தான் போகணும், அந்த வயசுல ஈரத் தரைன்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? அவங்க சாமி படமெல்லாம் இப்போ எங்க இருக்கு? மாத்திரை டப்பா? இதுல ஒண்ணு கூட நீங்க எழுதல, எழுதணும்னு தோணக்கூட இல்ல, என் கோவமே அதுலதான்.

'தாய்' படிச்சு அழுதேன்னு வேற எழுதியிருக்கீங்க. 1906-ல வந்த அந்தக் கதையில பையன் பாவெல் தடை பண்ணின புக்கை எல்லாம் எங்க உட்கார்ந்து படிக்கறான்? அம்மா இருக்கற அதே சின்ன வீட்டுல. கூட்டாளிங்க வந்து சத்தமா படிக்கறாங்க, பேசறாங்க, அம்மா நிலோவ்னா டீ போட்டுக் குடுத்துட்டு அங்கயே உட்கார்ந்து கேக்கறா, முதல்ல பயப்படறா, அப்புறம் பாவெலோட கூட்டாளி அந்திரேய் சொல்லிக்குடுக்க 40 வயசுல எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பிக்கறா. உங்க அம்மாவே இதை ரகுநாதன் மொழிபெயர்ப்புல படிச்சிருக்கலாம் சார், ஒரு தடவையாவது கேட்டீங்களா?

செகாவை சி-லயே முடிச்சிட்டீங்க. (ரஷ்ய எழுத்து வரிசையில அவரோடது 25-வது எழுத்து, டால்ஸ்டாய், துர்கனேவ் எல்லாம் முடிஞ்ச அப்புறம்தான் வருவார். இங்கிலீஷ் வரிசைல போனதால உங்களுக்கு சீக்கிரமே வந்துட்டார், வந்தும் பிரயோஜனம் இல்ல.) செகாவோட அப்பா 1876-ல கடன்ல மூழ்கி மாஸ்கோவுக்கு ஓடினவர், இவர் டாக்டருக்குப் படிக்கும்போதே பத்திரிகைங்களுக்கு நகைச்சுவை எழுதி அந்தக் காசுல வீட்டைப் பார்த்துக்கிட்டார். 1892-ல மெலிகோவோல இடம் வாங்கினப்போ அப்பா அம்மாவையும் கூட்டிட்டுப் போய் பெரிய வீட்டுல வெச்சுக்கிட்டார், சீகல் நாடகத்தை எழுத இவர் தோட்டத்துல இருந்த குட்டி வீட்டுக்குப் போனார். யார் நகரணும்னு அந்த மனுஷனுக்குத் தெரிஞ்சிருக்கு.

உங்க மனைவி விஷயத்துக்கு வர்றேன். தீபாவளியில இருந்து பேசலன்னு சரியா ஞாபகம் வெச்சிருக்கீங்க, அம்மாவை ஹாலுக்கு மாத்தினது எப்போன்னு மட்டும் எழுதல. தீபாவளிக்கு வீட்டை ஒழிச்சப்போதானே? மாமியாருக்காக ஒரு மருமக கோவிச்சுக்குவான்னு உங்க புத்திக்கு எட்டவே இல்ல பாருங்க. அவங்க உங்க ரஷ்யாவைப் பத்திப் பேசவே இல்ல சார்.

என்னை பழைய பஞ்சாங்கம்னு சொன்னாலும் சரி, வயசானவங்களுக்கு சாத்திக்கறதுக்குன்னு ஒரு கதவு வேணும், மத்தவங்க ஆசையெல்லாம் அதுக்கு அப்புறம்தான். செம்பூர்ல ஸ்கொயர் ஃபீட் என்ன விலை விக்குதுன்னு தெரிஞ்சுதான் சொல்றேன். படிக்கறதை நிறுத்துங்கன்னு சொல்லல, நல்ல காரியம், இந்த வயசுல எத்தனை ஆம்பளைங்க படிக்கறாங்க. ஹார்பர் லைன் ட்ரெயின்ல தினமும் போக வர நேரம் இருக்கே, நின்னுக்கிட்டு போனாலும் போன்ல படிக்கலாம், ராத்திரி எல்லாரும் படுத்த அப்புறம் ஹால் முழுக்க உங்களுக்குத்தான், ஒரு டேபிள் லாம்ப் போதும். வர்ற ஞாயித்துக்கிழமை ஷெல்ஃபை வெளிய தூக்கிட்டு அம்மாவோட கட்டிலை உள்ள போடுங்க. அவங்ககிட்ட கேட்டுட்டு செய்யறேன்னு மட்டும் கிளம்பாதீங்க, "பரவால்லடா, இருக்கட்டும்"னுதான் வரும், அதைப் பிடிச்சுக்கிட்டு எனக்குத் திரும்ப லெட்டர் போடுவீங்க.

டால்ஸ்டாயா, துர்கனேவான்னு கேட்டீங்க, உங்க வரிசைப்படி டால்ஸ்டாய்தான். 'போரும் அமைதியும்' கையெழுத்துப் பிரதியைத் திரும்பத் திரும்ப உட்கார்ந்து நகல் எடுத்தது அவர் மனைவி சோஃபியா, 13 பிள்ளை பெத்தவங்க. 1910-ல அவர் 82 வயசுல ராத்திரியோட ராத்திரியா வீட்டை விட்டுக் கிளம்பி அஸ்தாப்போவோல ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுல செத்துப்போனார், ஊருக்கே புத்தி சொன்ன பெரிய மனுஷன் வீடு அப்படி இருந்துது. தாராளமா படிங்க, ஆனா கட்டில் உள்ள போன அப்புறம். ஷெல்ஃப் ஹால்ல எந்தச் சுவத்துக்குன்னு உங்க மனைவிகிட்ட கேளுங்க, அவங்க சொல்ற இடத்துல வைங்க.